கணித மேதை இராமானுஜம்

குடந்தை நகர்

காவிரியாறு குடகு மலையில் தோன்றிக் கொங்கு நாட்டைக் கடந்து சோழ நாட்டை அடைந்ததும் பல கிளைகளாகப் பிரிந்து வயல்தோறும் பாய்கின்றது. அவ்வாறு பாயும் காவிரிக்கும் அதன் கிளையாகிய அரசலாற்றுக்கும் இடையே அமைந்த பழம்பெரும் நகர் கும்பகோணம் ஆகும். குடந்தை என்பது அதன் மற்றொரு பெயர். சுற்றிலும் நெல்வயல்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழ, நடுவே கோயிற் கோபுரங்கள் உயர்ந்து விளங்கும் இந்நகரில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மகாமகப் பெருவிழா நிகழ்கின்றது. இங்குள்ள அரசினர் கல்லூரி, தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று ஒரு காலத்திற் பாராட்டப்பெற்றது.

இந்நகரின் ஒரு சிறு வீட்டில், கற்பலகையை மடிமீது வைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்த ஏழை இளைஞர் ஒருவர், உலகப் பெருங்கணிதர் வரிசையில் இடம்பெற்றார். அவர் தம் இறுதிக்காலத்தில் எழுதிய கட்டுரை ஒன்று, ஏறத்தாழ நூறாண்டு கழித்து, இதயத் துடிப்பை ஆராய்வோர்க்கும் மின்னலைகள் வழியே வரும் செய்திகளை ஆராய்வோர்க்கும் கருவியாயிற்று. அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜம் ஆவர்.

பிறப்பும் இளமையும்

இராமானுஜம் 1887 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள், காவிரிக் கரையிலுள்ள ஈரோட்டில், தாயைப் பெற்ற பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள், கோயிலிற் பத்திப் பாடல்கள் பாடுவதில் ஈடுபாடு மிக்கவர். சாரங்கபாணிப் பெருமாள் கோயிலின் சந்நிதித் தெருவில் இருந்த எளிய வீட்டில் இராமானுஜம் வளர்ந்தார். இரண்டு வயதில் அவரைப் பெரியம்மை பற்றியது. பலரைக் கொள்ளைகொண்ட அந்நோயினின்றும் அவர் பிழைத்தெழுந்தார்.

1897 இல் நடைபெற்ற தொடக்கப்பள்ளித் தேர்வில் அவர் மாவட்டத்தின் முதல் மாணவராகத் தேறினார். அடுத்த ஆண்டில் நகர உயர்நிலைப்பள்ளியிற் சேர்ந்தார். ஓர் எண்ணை அவ்வெண்ணாலேயே வகுத்தால் ஈவு ஒன்று என ஆசிரியர் கற்பித்தபொழுது, சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தாலும் ஈவு ஒன்றுதானோ என்று அவர் வினவியதாகக் கூறுவர். இவ்வாறு, பிறர் கடந்து செல்லும் இடத்தில் நின்று நோக்குதல் இளமையிலேயே அவர்க்கு இயல்பாய் அமைந்தது.

கோணங்களின் சைன், கோசைன் பற்றிய அரிய உண்மைகள் சிலவற்றை அவர் பள்ளிப் பருவத்தில் தாமே கண்டறிந்தார். ஆயின் அவை நெடுங்காலத்திற்கு முன்னரே ஆய்லர் என்னும் ஐரோப்பியக் கணிதரால் வெளியிடப்பட்டவை எனப் பின்னர் அறிந்தார். அறிந்ததும் மனம் வருந்தித் தம் தாள்களை வீட்டுக் கூரையிற் செருகி மறைத்து வைத்தார். பிற்காலத்தில் அவர்தம் பெருங்கட்டுரை ஒன்றுக்கு அதே கோசைன்களே அடிப்படையாயின.

1903 ஆம் ஆண்டில் கார் என்பார் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களைப் பெரும்பாலும் விளக்கமின்றி அடுக்கிச் சொல்லும் நூல் அது. விளக்கம் இன்மையே அவர்க்கு நன்மையாயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவ முயன்றார். முயலும்பொழுது புதியனவும் கண்டார். தாள் வாங்கப் பொருள் போதாமையாற் கற்பலகையில் எழுதி, முழங்கையால் துடைத்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் வரைந்தார். வழியை விடுத்து முடிவை மட்டும் எழுதும் அவ்வழக்கம், பின்வந்த கணிதர்க்குப் பல்லாண்டு உழைப்பை அளித்தது.

தோல்வியும் வறுமையும்

1904 இல் அவர் பள்ளிப்படிப்பைச் சிறப்புற முடித்தார். கணிதத்திற்கெனப் பரிசு பெற்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையும் பெற்றார். ஆயினும் கணிதத்தில் ஆழ்ந்த உள்ளம் பிற பாடங்களிற் பொருந்தவில்லை. அவற்றில் தேறாமையால் உதவித்தொகை நின்றது. கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்திற் பிறந்தவர்க்கு உதவித்தொகை நிற்றல் என்பது கல்வியே நிற்றல் ஆகும். மனம் நொந்து, வீட்டார்க்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். திரும்பி வந்தபின் 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். நோயும் வந்து தடுத்தது. முதற்கலைத் தேர்வில் அவர் ஒரு முறையன்று, இருமுறை தோல்வியுற்றார்.

இங்ஙனம் கல்லூரிகள் இரண்டும் அவரை வெளியே அனுப்பின. கற்பித்தோர் தீயவர் அல்லர். தேர்வு முறை எல்லார்க்கும் பொதுவாய் அமைந்தது. அப்பொது அளவையில் அவர் அடங்கவில்லை. கையிற் பட்டம் இல்லை, வருவாய் இல்லை. 1909 இல் சானகியம்மாளை மணந்தபின் வேலை தேடுதல் இன்றியமையாததாயிற்று. குறிப்பேடுகளைக் கையிடுக்கிக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று, எழுத்தர் வேலையேனும் கிடைக்குமோ எனத் தேடினார். சில நாள்களில் உணவுக்கும் துன்புற்றார். அந்நாளில் அவரைத் தாங்குவார் ஒருவரும் இல்லாதிருப்பின், அக்குறிப்பேடுகள் செல்லுக்கு இரையாகியிருக்கும்.

உற்றுழி உதவியோர்

1910 இல் அவர் திருக்கோவலூர் சென்று, துணை ஆட்சியராயிருந்த வி. இராமசாமி ஐயரைக் கண்டார். ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். குறிப்பேடுகளைப் பார்த்த அவர், இத்தகைய ஆற்றல் உடையாரை வருவாய்த்துறையின் கடைநிலை வேலையில் அமர்த்துதல் அவ்வாற்றலைக் கெடுப்பதாகும் என எண்ணி, சென்னையில் உள்ள கணிதப் பேராசிரியர் சேஷு ஐயர் முதலியோர்க்கு அறிமுகக் கடிதம் தந்தார். அவர்கள் வாயிலாக நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் நட்பு வாய்த்தது. இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றார். குறிப்பேட்டின் பொருளைக் கேட்டறிந்தபின் தம் பொருளிலிருந்து திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்தார்.

பிறர் கொடையில் நெடுநாள் வாழ இராமானுஜம் விரும்பவில்லை. 1912 ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அங்கு அலுவலராயிருந்த நாராயண ஐயரும், தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியலறிஞரும் அவர் ஆராய்ச்சிக்கு ஊக்கமளித்தனர். அவர்கள் தூண்டுதலால் இங்கிலாந்து நாட்டுக் கணிதர் சிலருக்கு எழுதினார், பயன் விளையவில்லை. 1913 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16 ஆம் நாள், கேம்பிரிட்ஜ் திரினிட்டிக் கல்லூரியைச் சார்ந்த ஹார்டி என்பார்க்கு எழுதினார்.

ஹார்டி அக்கடிதத்தில் இருந்த தேற்றங்களைத் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் இருந்து ஆராய்ந்தார். சில, முன்னரே அறியப்பட்டவை. சில, அரிதின் முயன்று நிறுவத்தக்கவை. சில, அவர் யாண்டும் கண்டிராதவை. எழுதியவர் ஒப்புயர்வற்ற கணிதர் என்று இருவரும் தெளிந்தனர். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத இராமானுஜத்திற்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது.

கேம்பிரிட்ஜ் வாழ்க்கை

1914 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆம் நாள் இராமானுஜம் சென்னையிற் கப்பலேறி, ஏப்பிரல் திங்களில் இலண்டன் சேர்ந்தார். சில திங்களில் முதல் உலகப்போர் மூண்டது. போரிடையே ஹார்டியும் அவரும் கூடி உழைத்தனர். உள்ளத்தில் உதிப்பதை உடனே முடிவாகக் கொள்வது இராமானுஜத்தின் இயல்பு. படிப்படியாக நிறுவிய பின்னரே ஏற்பது ஹார்டியின் இயல்பு. இருவர் இயல்பும் ஒன்றையொன்று நிரப்பின. 1916 இல் ஆராய்ச்சியின் பொருட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவர்க்குப் பட்டம் வழங்கியது. 1918 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகவும், திரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

புகழ் வளர்ந்தது, உடல் தேய்ந்தது. மரக்கறி உணவே கொள்ளும் நோன்புடைய அவர்க்குப் போர்க்காலத்தில் ஏற்ற உணவு கிடைத்தல் அரிதாயிற்று. குளிரும் தனிமையும் வருத்தின. 1917 முதல் மருத்துவமனைகளிலும் நலமனைகளிலும் மாறி மாறித் தங்க நேர்ந்தது.

1918 ஆம் ஆண்டுக் கட்டுரை

அந்நோய்க்காலத்தில், 1918 ஆம் ஆண்டில், கோசைன்களைக் கூட்டிப் பெறும் ஒருவகை எண்வரிசைகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அத்தகைய கூட்டுத்தொகைகளை முன்னரும் சிலர் கண்டிருந்தனர். ஆயினும், ஓர் எண்ணுக்கு வகுத்திகள் எத்தனை, அவற்றின் கூட்டுத்தொகை யாது என்பன போன்ற எண்ணியல் வினாக்களுக்கு அவற்றைக் கொண்டே விடையை விரித்தெழுதலாம் என்று காட்டியவர் இராமானுஜமே. ஆதலின் அவை இராமானுஜக் கூட்டுத்தொகைகள் எனப் பெயர் பெற்றன.

அவற்றின் இயல்பை எளிய எடுத்துக்காட்டால் அறியலாம். மூன்று என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். வட்டத்தை மூன்று சம பங்காக்கினால் ஒரு பங்கு 120 பாகை. மூன்றுக்குட்பட்டு, அதனோடு ஒன்றன்றி வேறு பொதுவகுத்தி இல்லாத எண்கள் 1, 2 ஆகிய இரண்டு. தொடக்கத்தில் இரண்டுக்கும் கோணம் சுழியம். அதன் கோசைன் 1. ஆகவே கூட்டுத்தொகை 2. அடுத்த இடத்தில் 120, 240 பாகைகள், ஒவ்வொன்றன் கோசைனும் குறை அரை, கூட்டுத்தொகை -1. மூன்றாம் இடத்தில் 240, 480 பாகைகள். அங்கும் கூட்டுத்தொகை -1. பின்னர் 2, -1, -1 என்பதே மீண்டும் மீண்டும் வரும். இவ்வாறே இரண்டுக்கு உரிய வரிசை 1, -1 என்பதாகும்.

இனி இவ்வரிசைகள் செய்யும் வேலையைக் காண்போம். மிருதங்கம் பயில்வோர் தகிட தகிட என மும்மூன்றாகவும், தக தக என இரண்டிரண்டாகவும் முழக்குவர். ஒவ்வொரு கட்டின் முதலில் வரும் வல்லோசையை 5 என்றும், ஏனைய மெல்லோசைகளை 1 என்றும் குறிப்போம். ஆறு தட்டுகளில் தகிட நடை 5, 1, 1, 5, 1, 1 ஆகும். தக நடை 5, 1, 5, 1, 5, 1 ஆகும்.

தகிட நடையின் எண்களை மூன்றின் வரிசையால் முறையே பெருக்கிக் கூட்டினால் 16 வரும். தக நடையை அதே வரிசையாற் பெருக்கிக் கூட்டினால் சுழியம் வரும். மாறாக, இரண்டின் வரிசையாற் பெருக்கிக் கூட்டினால் தக நடைக்கு 12 வரும். தகிட நடைக்குச் சுழியம் வரும். அஃதாவது, மூன்றின் வரிசை மூன்றில் மீள்வதற்கு மட்டும் விடை கூறுகின்றது. இரண்டின் வரிசை இரண்டில் மீள்வதற்கு மட்டும் விடை கூறுகின்றது. வல்லோசை எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பது தெரியாதபொழுது, வரிசையை ஓரோர் இடமாக நகர்த்திப் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். இராமானுஜம் இவ்வரிசைகளைத் தாளத்திற்கோ கருவிக்கோ ஆக்கவில்லை. எண்களின் இயல்பை அறிதல் ஒன்றே அவர் நோக்கம்.

இறுதி நாள்கள்

1918 ஆம் ஆண்டு இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகம் அவர்க்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அறிவித்தது. 1919 ஆம் ஆண்டு தொடக்கத்தில் நோய்ப்படுக்கையிலிருந்து அவர் விடை எழுதினார். தம் பெற்றோர்க்கு ஒரு பகுதி அளித்து, தம் செலவும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவர், தாய்தந்தையரற்ற சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைத்தற்கும் நூல்கள் வாங்குதற்கும் பயன்படுத்துமாறு வேண்டினார். உதவித்தொகை நின்றமையாற் கல்லூரியை விட்டு வெளியேறியவரின் வேண்டுகோள் இது.

அவ்வாண்டு ஏப்பிரல் 2 ஆம் நாள் அவர் சென்னை வந்து சேர்ந்தார். காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிலும், பின்னர்க் கும்பகோணத்திலும் தங்கினார். உடல் தேறவில்லை. மருத்துவத்தின் பொருட்டு மீண்டும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். அந்நிலையிலும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. 1920 சனவரியில், போலித் தீட்டாச் சார்புகள் எனத் தாம் பெயரிட்ட புதியதொரு வகையைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். 1920 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் உயிர்நீத்தார். இறுதி ஆண்டில் அவர் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் மறைந்துகிடந்து, 1976 இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணிதரால் வெளிப்பட்டன.

நூற்றாண்டு கடந்த பயன்

தாம் செய்த கணிதத்தால் உலகியலுக்குப் பயன் ஒன்றும் இல்லை என்று ஹார்டி 1940 இல் வெளியிட்ட நூலில் கூறினார். அதனை ஒரு பெருமையாகவும் கருதினார். காலம் வேறு வகையாகத் தீர்ப்பளித்தது.

தொலைபேசி, வானொலி முதலியவற்றிற் செய்தியைச் சுமந்து செல்லும் அலைகளைச் சைகைகள் என்பர். சைகையோடு வேண்டாத இரைச்சலும் கலந்தே வரும். அவ்விரைச்சலின் நடுவே, ஒழுங்காக மீண்டு வரும் ஆவர்த்தம் உளதா, உளதேல் எத்தனைக்கு ஒரு முறை மீள்கின்றது என அறிதல் அத்துறையின் இன்றியமையாத பணிகளுள் ஒன்று. ஃபூரியர் என்னும் பிரெஞ்சு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த முறை, எந்த அசைவையும் சைன், கோசைன் அலைகளாகப் பிரித்துக் காட்டும். ஆயினும் சைகை குறுகியதாய், மீளும் அளவு முழுவெண்ணாய் உள்ளவிடத்து, அம்முறை ஆவர்த்தத்தைத் தெளிவாகக் காட்டாமற்போதலும் உண்டு.

2002 இல் பிரான்சு நாட்டு அறிஞர் பிளானா என்பாரும் அவர் துணைவரும் இரைச்சலை ஆராய இராமானுஜக் கூட்டுத்தொகைகளைக் கையாண்டனர். 2014 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பி. பி. வைத்தியநாதன், அவற்றைக் கொண்டு ஆவர்த்தங்களைப் பிரித்தறியும் முறையை இரு கட்டுரைகளில் விரிவாக அமைத்துக் காட்டினார். பல்வேறு எண்களுக்கு உரிய வரிசைகளை அடுத்தடுத்து வைத்துச் சைகையைச் சலித்தெடுக்கும் அமைப்பு, இராமானுஜ வடிப்பித் தொகுதி எனப்படுகின்றது.

அதன் சிறப்பு இரண்டு. ஆறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் நிகழ்ச்சியும், மகாமகம் போலப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பார்க்கு மீண்டதாகவே தோன்றும். நான்கு, மூன்று, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வருவனவும் அத்தகையனவே. பன்னிரண்டின் வரிசையோ, அதனோடு பொதுவகுத்தி இல்லாத 1, 5, 7, 11 என்னும் எண்களால் மட்டும் ஆயது. ஆதலின் அது சிறு ஆவர்த்தங்களை விலக்கி, பன்னிரண்டிற்கே உரியதை மட்டும் காட்டும். இஃது ஒன்று. சைன், கோசைன் மதிப்புகள் பெரும்பாலும் முடிவிலாத் தசமங்கள். அவற்றைச் சுருக்கியே மின்சுற்றுகள் கணக்கிடும். சுருக்குந்தோறும் சிறு பிழை சேரும். இராமானுஜ வரிசைகளோ முழுவெண்களே. முழுவெண்களாற் பெருக்கிக் கூட்டுதல் சுற்றுகளுக்கு எளிது. இஃது இரண்டாவது.

இம்முறையைக் கொண்டு இதயத் துடிப்பின் மின்வரைவை ஆராய்வார் உளர். உயிரணுக்களின் மரபுப்பொருளிலும் புரதத்திலும் ஒரே தொடர் அடுத்தடுத்து மீளும் இடங்களைத் தேடுவார் உளர். மேலும், 1916 இல் இராமானுஜம் நிறுவாமல் முன்மொழிந்த ஊகம் ஒன்றை 1974 இல் டெலீன் என்னும் பெல்ஜிய அறிஞர் நிறுவினார். அவ்வூகத்தின் வழிவந்த உண்மைகளைத் துணைக்கொண்டு 1988 இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் ஆகிய மூவர், மிகப் பல நிலையங்களைச் சில இணைப்புகளாற் பிணைத்தும் எந்நிலையத்தினின்றும் எந்நிலையத்திற்கும் செய்தி விரைந்து செல்லத்தக்க வலையமைப்புகளைக் கண்டனர். அவற்றுக்கு இராமானுஜ வரைகள் என்றே பெயரிட்டனர்.

சந்நிதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைச் சாஸ்திரா பல்கலைக்கழகம் 2003 இல் ஏற்று, நினைவில்லமாக ஆக்கியது. அவர் பிறந்த டிசம்பர் 22 ஆம் நாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பெறும் என இந்திய அரசு 2011 இல் அறிவித்தது.

தேர்விலே தோற்ற இளைஞர் ஒருவரின் குறிப்பேட்டைத் திறந்து பார்க்க ஒரு துணை ஆட்சியர்க்குப் பொறுமை இருந்தது. திங்கள்தோறும் 25 ரூபாய் தர ஓர் ஆட்சியர்க்கு மனம் இருந்தது. எழுத்தர் ஒருவரின் ஆராய்ச்சியைப் பேணத் துறைமுகக் கழகத்தார்க்கு அறிவு இருந்தது. அவை இல்லையேல் இப்பயன்களும் இல்லை. மாணவர்கள் இராமானுஜத்தின் அயரா உழைப்பைக் கடைப்பிடிப்பதோடு, வறுமையாலும் தோல்வியாலும் தம் பக்கத்தில் வாடி நிற்கும் தோழரின் ஆற்றலைக் கண்டு கைகொடுக்கும் பண்பையும் வளர்த்துக்கொள்வார்களாக.